வளைய மறுத்த அலை

டோம்ஸ்க் நகரத்தில் ஜனவரி மாதம் மைனஸ் முப்பத்தொன்று என்பது யாருக்கும் செய்தி இல்லை. ப்ரோஹோரின் பழைய கார் சாவியை முதல் தடவை திருகியதுமே கிளம்பியதுதான் செய்தி.

“பாத்தீங்களா, அக்னியா ரொமானொவ்னா? நல்ல சகுனம். இன்னிக்குக் கேஸ் முடிஞ்சுடும்.”

“நேத்தும் இப்படித்தான் கிளம்பிச்சு. முடிஞ்சுதா?”

“நேத்து வெள்ளிக்கிழமை. அதைக் கணக்குல சேக்கக் கூடாது.”

அக்னியா ரொமானொவ்னா கையுறையைக் கடித்து இழுத்து மாட்டிக்கொண்டார். இருபது வருடம் போலீஸில் புலன்விசாரணை செய்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துபவர். ப்ரோஹோர் அவருடைய டிரைவர், உதவியாளர், அணைக்க முடியாத வானொலி. ஒரு லென்ஸ் திருட்டு விஷயமாக, நேற்று முழுக்க அக்னியா அந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்தின் பூட்டுகளைப் பார்த்தார், சாவிகளை எண்ணினார், காமிராப் பதிவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். திருடன் கிடைக்கவில்லை. கண்வலிதான் கிடைத்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் எதுவும் கிடைக்காவிட்டால், ஒரு பெண்ணின் மேல் போலீஸில் புகார் போய்விடும்.

நிலையத்தின் வாசல் அறையில் காவல் பணியாளர் ஸோயா குஸ்மினிச்னா உட்கார்ந்திருந்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை கம்பளிச் சால்வை. முகம் தக்காளிபோலச் சிவந்திருந்தது. சாவியை எடுக்கக் கை நீட்டியபோது சால்வைக்குள்ளே ஏதோ காகிதம் சரசரத்தது.

“வாங்கம்மா. மேல சார் காத்துட்டிருக்கார்” என்றவர், வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

படியேறும்போது ப்ரோஹோர் மூக்கை உறிஞ்சினான். “கவனிச்சீங்களா? காலைல ஒம்போது மணிக்கே அந்தம்மா ஒரு கிளாஸ் ஏத்திட்டாங்க போல. ஸ்பிரிட் வாசனை ஆளைத் தூக்குது.”

“அடுத்தவங்க மேல அபாண்டம் பேசாதே, ப்ரோஹோர்.”

“அபாண்டம் இல்லீங்க. பொறாமை.”

பரிசோதனைக்கூடத்தின் தலைவர் வலேரியன் ஃபோமிச் புகாரை இரண்டு பிரதிகளாக எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். எதிரே, சுவரோரமாக, உல்யானா நின்றாள். முப்பத்தொரு வயது எஞ்சினியர். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். வேலை போனால் நிலையத்தின் விடுதி அறையும் போய்விடும் என்று நேற்று அவள் சொல்லவில்லை; மற்றவர்கள் சொன்னார்கள்.

மேசைமேல் அந்த லென்ஸ் இருந்தது. லென்ஸ் என்றால் கண்ணாடி அல்ல. ஒரு கறுப்பு ரொட்டியின் அளவில், எல்லாப் பக்கமும் தட்டையான ஒரு கட்டி. நாற்பது மெல்லிய அட்டைகள், ஒவ்வொன்றிலும் பயறு அளவில் நூற்றுக்கணக்கான செப்பு வளையங்கள், அட்டைக்கு அட்டை நடுவே ஒரு மெல்லிய பஞ்சுத் தாள். வியாழக்கிழமைவரை அது மைக்ரோவேவ் அலைகளை ஒரே புள்ளியில் குவித்தது. வெள்ளிக்கிழமை காலையில் குவிக்கவில்லை.

“இதுல என்ன அதிசயம்னு எனக்கு இன்னும் புரியல” என்றான் ப்ரோஹோர்.

உல்யானா தன் டீ கிளாஸில் ஒரு பென்சிலை விட்டாள். “டீக்குள்ள பென்சில் ஒடிஞ்ச மாதிரி தெரியுதில்ல? தண்ணி, கண்ணாடி எல்லாமே இப்படி ஒரு தினுசா வளைக்கும். இந்த அட்டைங்க மட்டும் நேர்எதிரா வளைக்கும். சிதறிப் போற அலையைத் திருப்பி உள்ள இழுக்கும், இழுத்து ஒரு புள்ளியில சேக்கும். மேல தோலைச் சுடாம, உடம்புக்குள்ள இருக்கற புத்துநோய்க் கட்டியை மட்டும் சூடாக்கிக் கரைக்கலாம். அதுக்குத்தான் இவ்வளவு பாடு.”

“என் மாமியார் மாதிரி. எல்லாரும் இடதுன்னா அவங்க வலதும்பாங்க. ஆனா கடைசில அத்தனை பேரையும் ஒரே மேசைல கொண்டுவந்து உக்கார வெச்சுடுவாங்க.”

இரண்டு நாளில் முதல் தடவையாக உல்யானாவின் உதடு அசைந்தது. வலேரியன் ஃபோமிச் பேனாவால் மேசையைத் தட்டினார்.

“வேடிக்கை போதும். இது எங்க லென்ஸே இல்ல. அசலை இவ வித்துட்டா, போலியை வெச்சுட்டா. என்கிட்ட ஆதாரம் இருக்கு. வியாழக்கிழமை பிரிக்கறதுக்கு முன்னாடி எடை ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்திரண்டு கிராம். வெள்ளிக்கிழமை ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தொண்ணு. பத்தொம்போது கிராம் கூட! ஒரே ராத்திரில ஒரு பொருள் கொழுக்குமா?”

“இன்னொரு தடவை எடை போடலாமா?” என்றார் அக்னியா.

“எதுக்கு?”

“எனக்கு வேற வேலை இல்ல. அதுக்குத்தான்.”

தராசில் வைத்தார்கள். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து நான்கு. வலேரியன் ஃபோமிச் தராசை முறைத்தார். எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தார்கள். தராசில் குறை இல்லை.

“போலி ஏழு கிராம் இளைச்சிருக்கு. பாவம், புகார் எழுதினதுல கவலை” என்றான் ப்ரோஹோர்.

அக்னியாவுக்கு நேற்றிலிருந்து முதல் தடவையாக நெஞ்சு லேசானது. தானாக இளைக்கிறது என்றால், உள்ளே ஏதோ காய்கிறது. “உல்யானா, வியாழக்கிழமை இதைப் பிரிச்சு என்னம்மா செஞ்சே?”

“பெரிய சோதனைக்கு முன்னாடி எப்பவும் செய்யறதுதான். ஒவ்வொரு அட்டையையும் ஸ்பிரிட்டால துடைச்சேன். பத்து நிமிஷம் காயவிட்டேன். மறுபடி அடுக்கி முடுக்கினேன்.”

“பத்து நிமிஷம் போதுமா?”

“ஸ்பிரிட்டுக்கு அஞ்சு நிமிஷமே ஜாஸ்தி” என்றார் வலேரியன் ஃபோமிச். “அது ரெண்டு நாளா உள்ளயே உக்காந்திருக்கும்னு சொல்றீங்களா? பள்ளிக்கூடப் பையன்கூடச் சிரிப்பான். அஞ்சு மணி, அக்னியா ரொமானொவ்னா. அதுக்கு மேல என்னால பொறுக்க முடியாது. திங்கக்கிழமை மருத்துவக் குழு வருது. நான் அவங்களுக்கு எதைக் காட்டறது?”

அக்னியாவின் நெஞ்சு மறுபடி கனத்தது. அவர் சொல்வது சரிதான். ஸ்பிரிட் தங்காது.

ஆனாலும் அக்னியா விடவில்லை. துடைத்த துணி, கையுறை, அரை லிட்டர் ஸ்பிரிட் புட்டி மூன்றையும் ஒரு பெட்டியில் வாங்கிக்கொண்டார். நகரத்தின் மறு கோடியில் அவருக்குத் தெரிந்த ஒரு ரசாயன நிபுணர் இருந்தார். ப்ரோஹோர் காரின் பின்பெட்டியைத் திறந்து, மாமியார் கொடுத்தனுப்பிய ராஸ்பெர்ரி ஜாம் ஜாடியை ஓரமாகத் தள்ளி, பெட்டியை வைத்தான்.

“மூணு வாரமா இந்த ஜாம் என்னோட ஊரைச் சுத்துது. வீட்டுக்குள்ள கொண்டு போனா, ‘எங்கம்மா குடுத்ததை இன்னுமா தின்னல?’ன்னு விசாரணை. உங்க விசாரணையே தேவலை.”

வழியில் ஒரு லாரி பனியில் வழுக்கிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. முக்கால் மணி நேரம் போயிற்று. போய்ச் சேர்ந்தால், ரசாயன நிபுணர் வீட்டுக் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாள் தலையை நீட்டினாள்.

“அவரா? சனிக்கிழமை ஆனா ஆத்துக்குப் போயிடுவாரே. பனில ஓட்டை போட்டு, கவிழ்த்த வாளி மேல உக்காந்து மீன் பிடிப்பார். போனை எடுக்க மாட்டார். மீன் பயந்துடுமாம்.”

அக்னியா காரில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினார். கார்க் கதவுமேல் அவருக்குக் கோபம் இல்லை. தன்மேல்தான். அந்தப் பெண் திருடவில்லை என்று அவருக்கு நேற்றே தெரியும். திருடியவள் எடைப் புத்தகத்தில் பத்தொன்பது கிராம் கூடியதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்க மாட்டாள். ஆனால் மனசுக்குத் தெரிந்ததைப் புகாருக்கு எதிரே வைக்க முடியாதே. முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சிறிய மாதா படத்தைப் பார்த்து, ஒரு வார்த்தையும் கேட்காமல், சிலுவை இட்டுக்கொண்டார்.

“திரும்பு” என்றார்.

நிலையத்தின் முற்றத்துக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டே கால். ப்ரோஹோர் பின்பெட்டியைத் திறந்தான். அங்கிருந்து அவன் குரல் அழுகிற மாதிரி வந்தது.

“கடவுளே! இதென்ன அநியாயம்!”

“என்ன உடைஞ்சுது?”

“எதுவும் உடையல. ஆனா நான் ஒரு சொட்டு... சாட்சியத்தைத் தொடல, சத்தியமா, மோந்து பாக்கலாம்னுதான் எடுத்தேன். பாருங்க. கூழா உறைஞ்சு கிடக்கு! இந்த நாட்டுல இனி எதை நம்பறது?”

அக்னியா காரிலிருந்து இறங்கி வந்தார். புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே நொய் போன்ற பனிக்கூழ் மெதுவாகச் சரிந்தது.

“ப்ரோஹோர். ஸ்பிரிட் உறையுமா?”

“எங்க தாத்தா வட துருவத்துல விமானம் ஓட்டினவர். அங்கயே உறையலியாம்.” அவன் வாய் பாதியில் நின்றது. “ஓ.”

“இதுல முக்காவாசி தண்ணி. அந்தப் பொண்ணு அட்டைகளைத் தண்ணியால துடைச்சிருக்கா. ஸ்பிரிட்தான்னு நம்பி, பத்து நிமிஷத்துல அடுக்கிட்டா. ஈரம் பஞ்சுத் தாளுக்குள்ள உக்காந்துடுச்சு. பத்தொம்போது கிராம்! நேத்திலேருந்து கொஞ்சங்கொஞ்சமா காயுது.”

“படிச்சவங்க நானூறு பேர் இருக்கற எடத்துல ஒருத்தருக்கும் தோணலியே!”

“இந்தக் குளிர்ல கார்ப் பெட்டியில அவங்க யாரும் ஸ்பிரிட்டை வெச்சதில்ல. நீ மோந்து பாக்க ஆசைப்பட்டதும் நல்லதுக்குத்தான்.”

“இதை எழுதிக் குடுங்க. என் வீட்டம்மாகிட்டக் காட்டணும்.”

வலேரியன் ஃபோமிச் புட்டியைக் குலுக்கிப் பார்த்தார். நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. உல்யானாதான் முதலில் பேசினாள். “ஈரம் பட்டா வளையங்களோட சுருதியே மாறிடும். மிச்ச அலையைத் தண்ணி குடிச்சுடும். நான் ஏன் யோசிக்கல... அன்னிக்கு அட்டை ஏதோ மெதுவாக் காயற மாதிரிதான் இருந்தது. நீங்க சீக்கிரம் சீக்கிரம்னு நின்னீங்க, சார்.”

சார் ஜன்னலைப் பார்த்தார்.

ஜன்னலுக்குக் கீழே வெந்நீர்க் குழாய்கள் ஓடும் இரும்பு வரிசை. அந்த ஊரில் நனைந்த கையுறையிலிருந்து குழந்தையின் பூட்ஸ்வரை காய்வது அதன்மேல்தான். உல்யானா லென்ஸைப் பிரித்தாள். நாற்பது அட்டைகளும் முப்பத்தொன்பது பஞ்சுத் தாள்களும் அந்த இரும்பின்மேல் வரிசையாக ஏறின.

“எவ்வளவு நேரம்?” என்றார் அக்னியா.

“மூணு மணி நேரம். அடுக்க ஒரு மணி நேரம்.”

“சரியா இருக்கும். நாங்க கீழே போயிட்டு வர்றோம்.”

ஸ்பிரிட்டை வழங்குவது சரக்கறைப் பொறுப்பாளர் மகார் சவ்விச். ஒல்லியான மனிதர். திருகாணிகளைக்கூட அளவு வாரியாகப் பொட்டலம் கட்டி அடுக்கியிருந்தார். புட்டியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. கேள்வியே கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நான்தான். குடிச்சுட்டேன். புதன்கிழமை. தண்ணியை ஊத்தி மூடினேன். எழுதிக்கோங்க.”

“எவ்வளவு குடிச்சீங்க?”

“முன்னூத்தம்பது கிராம் இருக்கும்.”

“ஒரே மூச்சுலயா?” என்றான் ப்ரோஹோர் பக்தியுடன். “கடிச்சுக்க என்ன வெச்சிருந்தீங்க? ஊறின வெள்ளரிக்காயா, கருவாடா?”

மகார் சவ்விச் திகைத்தார். “ஒண்ணும் இல்ல. சும்மா... குடிச்சேன்.”

ப்ரோஹோர் அக்னியாவின் காதருகே குனிந்தான். “பொய். இவர் பொறந்ததுலேருந்து குடிச்சதில்ல. குடிக்கறவன் என்ன குடிச்சோம்கறதை மறப்பான், எதைக் கடிச்சுக்கிட்டோம்கறதை மறக்க மாட்டான்.”

அக்னியா அவரைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலம் கட்டுகிற மெழுகுத் தாள் சுருள் ஒன்று அங்கே இருந்தது. எல்லாவற்றையும் அளந்து வெட்டுகிற மனிதர், அதிலிருந்து மட்டும் இரண்டு முழத் துண்டை அவசரமாகக் கிழித்திருந்தார். பக்கத்தில் ஒரு பஞ்சுப் பொதி, பாதி காலி.

காலையில் கேட்ட சரசரப்பு அவர் காதில் மறுபடி கேட்டது.

“மெழுகுத் தாள்” என்றார் மெதுவாக. “முதல்ல ஸ்பிரிட்ல நனைச்ச துணி. அதுமேல மெழுகுத் தாள், பஞ்சு. எல்லாத்துக்கும் மேல கம்பளிச் சால்வை. எங்கம்மா எனக்கு இப்படித்தான் நெஞ்சுச் சளிக்குப் பத்துப் போடுவாங்க. வாசல்ல ஸோயா குஸ்மினிச்னா எத்தனை நாளா இருமறாங்க, மகார் சவ்விச்?”

மகார் சவ்விச் முக்காலியில் உட்கார்ந்தார்.

“புதன்கிழமைலேருந்து. உடம்பு நெருப்பா கொதிச்சுது. வீட்டுக்குப் போங்கன்னேன், மாட்டேன்னுட்டாங்க. காவலாள் யாராவது லீவு போட்டா அந்த எடத்துல மின்சாரக் கதவு வெச்சுடுவேன்னு சார் டிசம்பர்லயே சொல்லிட்டார். அவங்களுக்கு வேற வழி இல்லம்மா. என் சொந்த ஸ்பிரிட்டுன்னு சொல்லித்தான் குடுத்தேன். தயவுசெஞ்சு அவங்க பேரை எழுதாதீங்க. நான் குடிச்சேன்னே இருக்கட்டும்.”

“மேல ஒரு பொண்ணு ரெண்டு நாளா திருடின்னு பேர் வாங்கி நிக்கறா, தெரியுமா?”

“லென்ஸ் காணாமப் போச்சுன்னுதானே சொன்னாங்க? துடைக்கற ஸ்பிரிட்டுக்கும் அதுக்கும்...” அவர் நிறுத்தினார். புரிந்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்னியாவின் குரலில் கடுமை இல்லை. “உபகாரம் செஞ்சது தப்பில்ல. அதைத் தண்ணி ஊத்தி மூடினதுதான் தப்பு. நல்லதை ஒளிச்சு வெச்சா, அதோட பாரம் யாரோ ஒரு அப்பாவி தலைல எறங்கிடும். வாங்க. நீங்களே வந்து சொல்லுங்க.”

நாலே முக்காலுக்கு உல்யானா கடைசி முடுக்கியைத் திருகினாள். எடை போட்டாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு. விசையை அழுத்தினாள். லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறிய உணர்கருவி இடமிருந்து வலமாக நகர, திரையில் ஒரு கோடு வளர்ந்தது. சமவெளி. சமவெளி. மேலும் சமவெளி. வலேரியன் ஃபோமிச்சின் கை தொலைபேசிப் பக்கம் போனது. அப்போது கோடு எழுந்தது, நடுவில், ஊசி மாதிரி, ஒரே மூச்சில், உச்சிக்கு. பிறகு அதே வேகத்தில் இறங்கியது.

உல்யானா சத்தமில்லாமல் அழுதாள். மகார் சவ்விச் அவள் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றினார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு விஷயம் தெரிஞ்சிருந்தா நானே குடுத்திருப்பேனே, மகார் சவ்விச்” என்றாள். “என் புட்டிதானே அது.”

வலேரியன் ஃபோமிச் பழைய புகாரைக் கிழித்தார். புதிய தாளை எடுத்தார். “திருட்டு திருட்டுதான். நான் இதை எழுதியே ஆகணும்.”

“எழுதுங்க” என்றார் அக்னியா. “நானும் என் அறிக்கைல ஒண்ணு விடாம எழுதறேன். ஸ்பிரிட் எங்க போச்சுன்னு எழுதறேன். காய்ச்சலோட ஒரு அம்மா மூணு நாள் வாசல்ல உக்காந்திருந்ததை எழுதறேன். வீட்டுக்குப் போக அவங்க ஏன் பயந்தாங்கன்னும் எழுதறேன். தினமும் நீங்க அவங்களைத் தாண்டித்தான் வந்தீங்க, வலேரியன் ஃபோமிச். அலையை எங்க குவிக்கணும்னு உங்களுக்குத் தெரியும். கண்ணை எங்க குவிக்கணும்னு...”

அவர் முடிக்கவில்லை. வலேரியன் ஃபோமிச்சும் எழுதவில்லை. பேனாவை மூடி, சட்டைப் பையில் வைத்தார். அது இரண்டு தடவை பைக்கு வெளியே நழுவியது.

வாசல் அறையில், உல்யானா நாற்காலியில் உட்கார்ந்து சாவிக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஸோயா குஸ்மினிச்னாவை ப்ரோஹோர் கைத்தாங்கலாகக் காருக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் சால்வைக்குள் மெழுகுத் தாள் சரசரத்தது.

“வேண்டாம்பா, நான் போனா எடம் போயிடும்...”

“எடம் எங்கயும் போகாது. அதைத்தான் உங்க எஞ்சினியரம்மா உக்காந்து பிடிச்சுட்டிருக்காங்களே.”

படியில் காலடிச் சத்தம். வலேரியன் ஃபோமிச் கோட்டுகூடப் போடாமல் பனியில் வந்து நின்றார். தயங்கினார்.

“ஸோயா...” அதற்குமேல் வரவில்லை. காது சிவந்தது. “உங்க அப்பா பேரு என்ன?”

“குஸ்மா” என்றார் அவர், பயந்துபோய்.

பன்னிரண்டு வருடமாகத் தினமும் தாண்டிப்போன ஒருவரை, அந்த ஊர் வழக்கப்படி அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிடத் தேவையான அந்த ஒரு பெயரை, அவர் இன்றுதான் கேட்கிறார்.

“ஸோயா குஸ்மினிச்னா. பத்து நாள் வராதீங்க. உடம்பைப் பாத்துக்குங்க. கதவு எதுவும் வைக்கப் போறதில்ல.”

அந்த அம்மாள் நன்றி சொல்ல வாயெடுத்தார். இருமல் முந்திக்கொண்டது. அக்னியா ரொமானொவ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையுறையை மாட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

ப்ரோஹோர் ஸோயா குஸ்மினிச்னாவைக் காரில் உட்கார வைத்து, பின்பெட்டியைத் திறந்து, ஜாம் ஜாடியைத் தூக்கி வந்து அந்த அம்மாளின் மடியில் வைத்தான்.

“ராஸ்பெர்ரி. சூடா டீல கலந்து குடிங்க, இருமல் ஓடியே போயிடும். கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு, பாத்து.” கதவைச் சாத்தியவன் அக்னியாவைப் பார்த்துக் கண் சிமிட்டினான். “இது உறையலாம். குத்தமில்ல.”